நான் மருந்து குடிக்கவில்லை

முதலில் இதை எழுதிவிடுகிறேன். நான் மருந்து குடிக்கவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை.

எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்துதான், பயிருக்கு அடிப்பதும் மருந்துதான். ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி "மருந்து குடிச்சிட்டா" என்று சொன்னால், காய்ச்சலுக்குக் குடித்தாள் என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள். என்னைப் பற்றி அப்படித்தான் சொன்னார்கள். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதில் ஒன்பது நாள் வாயில் குழாய். சுற்றி நின்று எல்லாரும் பேசுவது காதில் விழும். இல்லை என்று சொல்ல மட்டும் வழியில்லை. அந்த ஒன்பது நாளின் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.

என் பெயர் சுமதி. பிறந்தது களமருதூர், வாழ்க்கைப்பட்டது வடக்கனந்தல் பக்கம். பிளஸ் டூ வரை படித்தேன். வீட்டுக்காரருக்கு வாய் கிடையாது, அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். ஒரே மகள் யாழினி, அப்போது ஆறாம் வகுப்பு. குத்தகைக்கு எடுத்த நிலத்தில் மரவள்ளி போட்டிருந்தோம்.

அன்று காலையில் சண்டை. அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அத்தைக்காரி நான் முதல் நாளே போய் நிற்க வேண்டாமா? இவர் வர முடியாது என்றார். மரவள்ளிக் கொழுந்தில் மாவுப்பூச்சி பிடித்திருந்தது, இன்றைக்கே மருந்து அடித்தாக வேண்டும், ஆள் கிடைக்கவில்லை, நீதான் கலக்கிக் கொடுக்க வேண்டும் என்றார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"இந்த மருந்த நானே எடுத்துக் குடிச்சிட்டுப் போய்ச் சேந்துட்டா உனக்கு நிம்மதியா இருக்கும்" என்று கத்தினேன். மாதத்துக்கு மூன்று தடவையாவது இப்படிச் சொல்வேன். எங்கள் தெருவில் சொல்லாத பெண் யார்? தும்மல் மாதிரி வரும், போகும். அவரும் வழக்கம்போலக் காதில் வாங்காமல், முதுகில் மாட்டி மருந்தடிக்கும் டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாழினி பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் அங்கே நின்றதையே நான் கவனிக்கவில்லை.

மாவுப்பூச்சியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அதன் உடம்பில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஒரு மாவு இருக்கும். வெறும் மருந்தை அடித்தால் அதன்மேல் ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு கீழே போய்விடும். அதற்காக மருந்தோடு ஒட்டுத் திரவம் என்று ஒன்றைக் கலக்கச் சொல்வார் கடைக்காரர். வீட்டில் ஷாம்பு பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும்போது அது எதற்கு என்று நாங்கள் ஷாம்பையே ஊற்றிவிடுவோம். டேங்குக்கு ஒரு பாக்கெட். நுரை வந்தால் மருந்து பிடிக்கும். பூச்சி அப்படியே நனைந்து போகும். ஊரில் எல்லாரும் செய்வதுதான்.

கலக்குவதற்கு வைத்திருந்த குச்சி இரண்டாவது டேங்கிலேயே முறிந்துவிட்டது. வேறு குச்சி ஒடிக்க நாலடி நடந்திருந்தால் போதும். மரவள்ளிக் காட்டில் குச்சிக்கா பஞ்சம்? ஆனால் எனக்குத்தான் கோபமாயிற்றே. முழங்கை வரை கையை வாளிக்குள் விட்டுச் சுழற்றிச் சுழற்றிக் கலக்கினேன். நுரை தோள் வரை தெறித்தது. முடி கண்ணில் விழும்போதெல்லாம் அதே கையால் ஒதுக்கினேன். அவர் முழுக்கைச் சட்டை போட்டு, முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு அடித்தார். எனக்குப் பழைய ரவிக்கைதான், அதுவும் வேர்வையில் ஊறிக் கிடந்தது. பத்து டேங்க் முடிந்து கைகால் கழுவலாம் என்று போனால் மும்முனைக் கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டது. குடத்தில் இருந்த தண்ணீரில் கையை மட்டும் அலசிக்கொண்டு, மீதி மருந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் பக்கத்துக் காட்டுக் கரும்புக்காரர் கிணற்றில் இறங்கிக் குளித்துவிட்டு வருவதாகச் சொன்னார். நான் அதே ரவிக்கையோடு சோறு வடித்தேன். அவர் வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி வெளியே போய்விட்டார்.

மூன்று மணிக்குத் தலை வலித்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. வெயில்தான் என்று நினைத்துப் படுத்தேன். கண்ணில் நீர் கொட்டியது, சுவரில் தொங்கிய காலண்டர் மங்கிப்போயிற்று. எழுந்து வாந்தி எடுத்தேன். அப்புறம் கையில் தோலுக்கடியில் சதை துடிப்பதைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கூப்பிடலாம் என்றால் மூச்சு வரவில்லை.

நாலரைக்கு யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கிறாள். வாயில் நுரை தள்ளித் தரையில் கிடக்கிறேன். பக்கத்தில் மருந்து பாட்டில். காலையில் நான் கத்தியது அவள் காதில் இருக்கிறது. அவள் வேறு என்ன நினைப்பாள்? தெருவுக்கு ஓடி, "எங்கம்மா மருந்து குடிச்சிடுச்சே!" என்று கதறினாளாம். அந்தக் குரல் கேட்டுத்தான் ஜனங்கள் ஓடி வந்தார்கள். அவள் கத்தவில்லை என்றால் நான் இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் பக்கத்து ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே போனதும் என் வீட்டுக்காரர் சொன்னதும் அதே வார்த்தைதான். மகள் சொன்னதை அவரும் நம்பிவிட்டார். அவர்களும் மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுக் கழுவினார்கள். குடித்தவளுக்கு அதுதான் வைத்தியம், அவர்கள்மேல் குற்றமில்லை. ஆனால் விஷம் வயிற்றிலா இருந்தது? கையிலும் முடியிலும் ஊறிய ரவிக்கையிலும் அல்லவா இருந்தது? ஒரு பக்கம் காலியான வயிற்றைக் கழுவிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் தோல் வழியாக அது உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. மானம் போகக்கூடாதென்று இவர் என் சேலையை வேறு இழுத்து இழுத்துப் போர்த்தியிருக்கிறார்.

அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு. அங்கே வார்டில் ஒரு சிஸ்டர், பெயர் மல்லிகா. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண். என்னைக் கட்டிலில் மாற்றும்போது அவள்தான் முதலில் சந்தேகப்பட்டாள். இதெல்லாம் என் வீட்டுக்காரர் பிறகு சொன்னது.

"வயித்துல வந்த தண்ணில மருந்து வாடையே இல்லைன்னு சீட்டுல எழுதிக்கீறாங்க. ஆனா முடியில குப்புன்னு அடிக்குது" என்றாளாம். "காட்டுக்கு இன்னாண்ணா அடிச்சீங்க இன்னிக்கு?"

"மரவள்ளிக்கு... மாவுப்பூச்சிக்கு."

"ஷாம்பு போட்டீங்களா?"

"போட்டோம். அவதான் கலக்கினா."

"குச்சிலயா, கையிலயா?"

இவர் என் கையைப் பார்த்தாராம். முழங்கைக்குக் கீழே தோல் சிவந்து, தேய்த்த மாதிரி பளபளவென்று இருந்ததாம்.

"எங்க மலையிலயும் மரவள்ளிதாண்ணா. எங்கப்பாவும் ஷாம்புதான் போடுவாரு. சொன்னா கேக்க மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே ரவிக்கையைக் கத்தரியால் வெட்டி எறிந்து, சோப்புப் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தலையோடு கழுவிவிட்டாளாம். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். அதற்குள் என்னை வீட்டிலிருந்து தூக்கி நாலு மணி நேரம் போய்விட்டது.

இந்த மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்று பிறகு டாக்டர் சொன்னார். நரம்பு சதைக்கு வேலை சொன்னதும் அந்தக் கட்டளையை அழித்துவிட உடம்பில் ஒரு பொருள் உண்டு. விஷம் அந்தப் பொருளைக் கட்டிப்போட்டுவிடும். கட்டளை அழியாமல் நிற்பதால் கண், மூக்கு, வாய், நுரையீரல் எல்லாவற்றிலும் நீர் சுரந்துகொண்டே இருக்கும். சதை துடித்துத் துடித்துக் கடைசியில் ஓய்ந்துபோகும். நீரை வற்றவைக்க அட்ரோபின் என்று ஒரு ஊசி. அதைப் போட்டதும் நாக்கு மரக்கட்டை மாதிரி காய்ந்தது, புத்தியும் கலங்கிற்று. மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறி முழுக்க மாவுப்பூச்சி அப்பியிருப்பதாக எனக்குத் தெரிந்தது. கையைத் தூக்கித் தட்டிவிடப் பார்த்தேன். கையைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் தேறிவிட்டேன் என்று நினைத்தபோது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. கழுத்து தொய்ந்து, மூச்சு அடங்கிற்று. சில பேருக்கு இப்படி இரண்டாவது அடி விழுமாம். அப்போதுதான் வாயில் குழாய் போட்டு மூச்சு மிஷினில் வைத்தார்கள்.

மூச்சு மிஷினில் கிடப்பவளுக்கு ஒன்றும் தெரியாது என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சில நேரம் தெரியாதுதான். சில நேரம் எல்லாம் தெரியும். களமருதூரிலிருந்து அண்ணன் வந்து, மஞ்சள் நீராட்டுக்குக் கட்டிய புதுவேட்டியோடு கட்டில் பக்கத்தில் நின்று இவரைக் கேட்டார்:

"என் தங்கச்சிய இன்னாடா பண்ண? மருந்து குடிக்கிற அளவுக்கு இன்னா பண்ண?"

இவர், "ஒன்னும் பண்லங்க. ஃபங்ஷனுக்குப் போவணும்னா, நான் வேணாம்னேன். அவ்ளோதாங்க" என்றார்.

"என் வூட்டு ஃபங்ஷனுக்காவா செத்துக்கினு கீறா?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சிஸ்டர் வயலில் நடந்ததைச் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. எனக்கு எழுந்து ரெண்டு பேரையும் திட்ட வேண்டும் போல இருந்தது. கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. "பார், வருத்தப்படறா" என்றார் அண்ணன். வருத்தம் இல்லை அண்ணா, எரிச்சல்.

போலீஸ்காரர் ஒருவரும் வந்தார். இப்படிப்பட்ட கேஸ் என்றால் எழுதிக்கொண்டு போவது வழக்கமாம். மல்லிகா சிஸ்டர் என் காதருகே குனிந்து, "அக்கா, குடிச்சிருந்தா ஒரு தரம் கண்ண மூடு. குடிக்கலன்னா ரெண்டு தரம் மூடு" என்றாள். நான் இரண்டு தரம் மூடினேன். நம்ப வேண்டுமே என்ற அவசரத்தில் மறுபடியும் இரண்டு தரம், மறுபடியும். "இன்னாம்மா, ஆறு தரம் மூடறாங்க, இத எப்படி எழுதறது?" என்று அவர் பேனாவை மூடிவிட்டார்.

யாழினியை மட்டும் உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தரம் நின்றாள். தலை கோணல்மாணலாகப் பின்னியிருந்தது. அவள் அப்பா பின்னியது. வாழ்க்கையில் கயிறு தவிர எதையும் பின்னாத மனிதர். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிஸ்டர் சொன்ன சாட்சி எல்லாம் யாருக்கு வேண்டும்? போலீஸுக்கா, அண்ணனுக்கா? எனக்கு அவள் ஒருத்தி நம்பினால் போதும். அம்மா தன்னை வேண்டாம் என்று விட்டுப் போகப் பார்த்தாள் என்று ஒரு குழந்தை வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தால், நான் பிழைத்து என்ன பிரயோசனம்?

சின்னச் சின்ன தயவுகளையும் சொல்ல வேண்டும். அண்ணனுக்கும் இவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஆனாலும் அண்ணன் தினமும் இரண்டு இட்லிப் பொட்டலம் வாங்கி வந்து, ஒன்றை இவர் உட்கார்ந்த பெஞ்சில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவாராம். இவர் என் நகத்தை ஒவ்வொன்றாக வெட்டி, நக இடுக்கில் ஈரப் பஞ்சை விட்டுத் துடைத்தார். அதில்கூட மருந்து ஒளிந்திருக்கும் என்று அவருக்குப் பயம்.

பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். முதல் வார்த்தையாக, "குடிக்கல" என்றேன். வெறும் காற்றுதான் வந்தது. இவர் குனிந்து, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். குடிக்க ஏதோ கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, இருமலில் முடிந்தது.

ஊசி ஏற்றி ஏற்றிக் கையில் நரம்பு கயிறு மாதிரி தடித்து வலித்தது. டாக்டர் ஒரு களிம்பு எழுதினார், மேலே தடவ. மல்லிகா சிஸ்டர் தடவ வந்தபோது கையை இழுத்துக்கொண்டேன். தோலில் இனி ஒன்றும் படக்கூடாது என்று அடம் பிடித்தேன். டாக்டர் சின்ன வயசுக்காரர்தான், ஆனால் பொறுமையாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"தோலு ஒரு செவுரும்மா. செத்த செல்லுதான் செங்கல்லு. நடுவுல பூசினது கொழுப்பு. தண்ணி மாதிரி மருந்து அதுல லேசுல நுழையாது. அதனாலதான் மழைல நனைஞ்சா நாம ஊறிப் போறதில்ல."

"அப்ப களிம்பு எப்படி உள்ள போவும்?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சோப்பு மாதிரி ஒரு பொருளு இதுல கலந்திருக்கும். அதோட ஒரு முனை தண்ணியப் பிடிக்கும், இன்னொரு முனை கொழுப்பப் பிடிக்கும். மருந்தத் தோலு மேல பரப்பி வைக்கும். செங்கல்லுக்கு நடுவுல இருக்கற கொழுப்ப இளக்கி வுடும். அந்த சந்துல மருந்து நுழையும். வேணுங்கற அளவுக்குத்தான் போட்டிருப்பாங்க, பயப்படாத."

நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள்.

"அதேதான்க்கா ஷாம்பும். பூச்சி மேல இருக்கற மெழுகுக்குன்னு போட்ட. எது பூச்சி மெழுகு, எது உன் கைக் கொழுப்புன்னு அதுக்குத் தெரியுமா?"

"மருந்து பாட்டில்லயே அந்த மாதிரி ஒன்னு ஏற்கனவே இருக்கும்" என்றார் டாக்டர். "நீங்க மேலயும் போட்டீங்க. வெயிலு, வேர்வை, மணிக்கணக்கா ஈர ரவிக்கை. எது எவ்ளோ உள்ள தள்ளிச்சுன்னு பிரிச்சு சொல்ல முடியாது."

"சோப்பு போட்டுத்தானே சிஸ்டர் என்னக் கழுவினாங்க?"

"நிறைய தண்ணி ஊத்தி உடனே அலசினா சோப்பு விஷத்த வெளிய இழுத்துக்கினு போவும். அலசாம உடம்புலயே ஊற வுட்டா உள்ள இழுத்துக்கினு போவும். ரெண்டும் அதே சோப்புதான்."

இவ்வளவு எளிதான விஷயம். இது தெரியாமல் ஊர் முழுக்கக் கை விட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறோம். இதை எழுதுவதற்கு இருக்கிற காரணங்களில் அதுவும் ஒன்று. குச்சியால் கலக்குங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், கரண்ட் போவதற்கு முன்னால் குளியுங்கள்.

நான் டாக்டரிடம் ஒரு சீட்டு கேட்டேன். நான் குடிக்கவில்லை, தோல் வழியாகத்தான் போயிற்று என்று எழுதித் தரச் சொன்னேன். அவர் யோசித்தார். "ரத்த டெஸ்ட்ல விஷம் இருந்ததுன்னுதாம்மா தெரியும். எந்த வழியா வந்ததுன்னு தெரியாது. கையப் பாத்து, நடந்தத வெச்சு நான் நம்பறேன். தோல் வழியா இருக்கலாம்னு எழுதித் தரேன்." அப்படியே எழுதியும் கொடுத்தார். இருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டு பேருந்தில் வீடு வரை வந்தேன்.

இன்றைக்கு எனக்குக் கால் விரல்களில் உணர்ச்சி கம்மி. குரல் திரும்பவில்லை, குழாய் கிடந்த தொண்டையிலிருந்து காற்றுதான் வருகிறது. தெருவே கேட்கச் சண்டை போட்ட வாய். இப்போது இவர் நான் பேசுவதைக் கேட்க அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருகிறார். மரவள்ளியை அந்த வருஷத்தோடு விட்டுவிட்டோம்.

யாழினிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பூச்சியின் மெழுகு, தோலின் கொழுப்பு, ஒரு முனை தண்ணீர், ஒரு முனை கொழுப்பு. கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். தண்ணீர் முனைக்கு ஒரு வட்டம், கொழுப்பு முனைக்கு ஒரு வால் என்று நோட்டில் படம் வரைந்து, பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரிடம் காட்டிப் பாராட்டு வாங்கினாள். என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். ஒன்றை மட்டும் அவளிடம் மறைத்தேன். அவள் கத்திய அந்த வார்த்தையை நம்பித்தான் வயிற்றைக் கழுவினார்கள், தோலை விட்டுவிட்டார்கள் என்பதை. அதைச் சொன்னால் நான் குடிக்கவில்லை என்பது அவளுக்கு இன்னும் நன்றாக விளங்கும். ஆனால் அந்தப் பாரத்தையும் அவள்மேல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. என்றைக்காவது அவள் இதைப் படித்தால், உன் குரலால்தான் நான் பிழைத்தேன் என்று எழுதியிருக்கிறேனே, அதை முதலில் படி.

படம் வரைந்த அன்று அவளிடம் கேட்டேன். "இப்ப நம்பறியா? அம்மா குடிக்கலன்னு?"

அவள் நோட்டை மூடினாள். "தோலு வழியா போவும்னு தெரியுதும்மா" என்றாள். பென்சிலைத் திருகினாள். "ஆனா அன்னிக்குக் காலைல குடிக்கிறேன்னு சொன்ன இல்ல?"

சொன்னேன்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவளுக்கு ஒரு பழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பையை இறக்கும் முன்னே நேராக என்னிடம் வருவாள். "வாயத் தொறம்மா" என்பாள். திறப்பேன். மூக்கைக் கிட்டத்தில் கொண்டுவந்து முகர்ந்து பார்ப்பாள். அப்புறம்தான் பையை இறக்குவாள், தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பாள். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இவர் ஒரு தரம் அதட்டப் பார்த்தார். நான்தான் தடுத்தேன்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு வெற்றிலை போடுவதை விட்டுவிட்டேன். பல் விளக்குவது, வாய் கொப்பளிப்பது எல்லாம் இரண்டு மணிக்கு முன்னாலேயே முடித்துவிடுகிறேன். நாலரைக்கு அவள் வரும்போது வாயில் வேறு எந்த வாடையும் இருந்துவிடக் கூடாது. எதையோ மறைக்கத்தான் கொப்பளித்தேன் என்று அவள் நினைத்துவிடுவாள்.